பார்த்து வரைந்து டிஜிட்டல் ஓவியம் கற்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டேப்லெட் வாங்கி நாலைந்து மாதம் ஆன பிறகு வருகிற கேள்விகள் இவை. பெரும்பாலும் சென்னையில் கல்லூரி முடித்துவிட்டு, அல்லது வேலைக்குப் போய்க்கொண்டே, இரவில் வரைந்து பழகுகிறவர்கள் கேட்பவை. மென்பொருளைவிடக் கண்ணைப் பற்றித்தான் இங்கே அதிகம் பேச்சு.

இன்னொருவர் ஓவியத்தைப் பார்த்து வரைவது காப்பி அடிப்பது ஆகாதா?

உங்கள் படம் என்று சொல்லி வெளியிட்டால் ஆகும். கற்பதற்காகச் செய்தால் ஆகாது. ஓவியம் உலகெங்கும் இப்படித்தான் கைமாறி வந்திருக்கிறது. ராஜா ரவி வர்மா திருவிதாங்கூர் அரண்மனையில் ஐரோப்பிய ஓவியர் தியோடர் ஜென்சன் வேலை செய்வதை அருகில் நின்று பார்த்துத்தான் எண்ணெய் வண்ணத்தின் பல நுட்பங்களைப் பிடித்துக்கொண்டார். 1873இல் மதராஸ் நுண்கலைக் கண்காட்சியில் ஆளுநரின் தங்கப் பதக்கம் வாங்கியது அதற்குப் பிறகு. வான் கோ 1889, 1890 ஆண்டுகளில் பிரெஞ்சு ஓவியர் மில்லேயின் ஓவியங்களைப் பார்த்து இருபது படங்களாவது வரைந்தார். அவர் கையில் இருந்தவை கருப்பு வெள்ளை அச்சுப் பிரதிகள்; நிறங்கள் முழுக்க அவருடையவை. இந்தச் செய்தியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே ஒரு பயிற்சிக்கு வேண்டும்.

பார்த்து வரைவதில் கிடைக்கும் படம் முக்கியமில்லை. “இந்த நிழல் இவ்வளவு அடர்த்தி” என்று நீங்கள் ஊகிக்கிறீர்கள்; மூல ஓவியம் சரியா தவறா என்று உடனே காட்டிவிடுகிறது. அந்த ஊகமும் திருத்தமும்தான் பாடம். ஊகிக்காமல் வரைந்தால் எத்தனை படம் வரைந்தாலும் ஒன்றும் ஒட்டாது.

என்னென்ன கருவிகள் வேண்டும்?

அழுத்தத்தை உணரும் பேனா உள்ள எதுவும் போதும். 6 அங்குல அகலப் பரப்புள்ள சிறிய பென் டேப்லெட்டும் கணினியும், அல்லது ஐபேடும் ஆப்பிள் பென்சிலும். மென்பொருளில் கிரிட்டா இலவசம், விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். ஐபேடில் புரோகிரியேட். போன் மட்டும்தான் இருக்கிறது என்றால் ஐபிஸ்பெயின்ட்டில் சின்னச் சின்ன ஒளி-நிழல் ஸ்டடிகள் (மூலத்தைப் பார்த்துச் செய்யும் பயிற்சிப் படங்கள்) தாராளமாகச் செய்யலாம். முழு ஓவியத்துக்கு இறங்க வேண்டாம்.

வாங்கியதும் பலர் கவனிக்காத ஒன்று: பென் டேப்லெட்டின் வரைபரப்பும் மானிட்டரும் ஒரே நீள அகல விகிதத்தில் இருக்க வேண்டும். சில டேப்லெட்டுகள் 16:10, மானிட்டரோ 16:9. அப்படியே விட்டால் நீங்கள் போடும் வட்டம் திரையில் லேசாக முட்டையாகும். முகத்தை எத்தனை முறை வரைந்தாலும் அகலமாகவே வருகிறது என்று புலம்புகிறவர்களில் சிலருக்குக் காரணம் இதுதான். ஒரு பத்து ரூபாய் நாணயத்தை டேப்லெட் மேல் வைத்துச் சுற்றி வரையுங்கள். திரையில் வட்டமாக இல்லையென்றால் டிரைவர் (டேப்லெட்டைக் கணினியோடு இணைத்து இயக்கும் மென்பொருள்) அமைப்பில் விகிதத்தைக் கட்டாயமாக்கும் தெரிவை இயக்குங்கள். கோடு ஒரே தடிமனாக வந்தால், அதாவது அழுத்தம் வேலை செய்யவில்லையென்றால், விண்டோஸ் இங்க் என்ற பேனா அமைப்பை டிரைவரிலும் மென்பொருளிலும் ஒன்றுபோல வையுங்கள். ஒன்றில் இயக்கி, இன்னொன்றில் நிறுத்தி வைப்பதால்தான் பெரும்பாலும் இந்தத் தொல்லை.

திரையின் இரவு நேர மஞ்சள் ஒளி அமைப்பை வரையும்போது நிறுத்திவிடுங்கள். போனில் ‘விவிட்’ நிறத் தெரிவு இருந்தால் ‘நேச்சுரல்’ ஆக்குங்கள். இந்த இரண்டில் ஒன்று இருந்தாலும் நீங்கள் பார்க்கும் நிறம் பொய். மே மாத வியர்வையில் உள்ளங்கை திரையில் ஒட்டித் தேவையில்லாத கோடுகள் விழும். சுண்டுவிரலையும் மோதிரவிரலையும் மட்டும் மூடும் வரைகையுறை அதற்கு. பழைய பருத்தி உறையில் மற்ற மூன்று விரல்களை வெட்டிவிட்டாலும் அதே வேலை செய்யும்.

யாருடைய ஓவியங்களைத் தேர்ந்தெடுப்பது?

உங்களுக்கு எது வரவில்லையோ அதில் கெட்டிக்காரரை. பிடித்த ஓவியரை மட்டுமே திரும்பத் திரும்ப வரைந்தால் அவருடைய பழக்கங்கள் வரும், உங்கள் ஓட்டை அப்படியே இருக்கும்.

பட்டுத்துணி, சரிகை, நகையின் மினுக்கம் வரவில்லையா, ரவி வர்மா. குறைந்த தூரிகை வீச்சில் அதிகம் சொல்ல வேண்டுமா, அமெரிக்க ஓவியர் ஜான் சிங்கர் சார்ஜன்ட். முகத்தில் நிழலை ஒன்றுதிரட்டிப் போடுவதற்கு டச்சு ஓவியர் ரெம்பிராண்ட். கடற்கரை வெயிலுக்கு ஸ்பெயின் நாட்டு ஹோவாகின் சொரோயா. சொரோயாவைச் சென்னைக்காரர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். வெயிலில் நிற்கும் வெள்ளைத் துணியின் நிழல் பக்கம் சாம்பல் நிறமல்ல, வானத்தின் நீலமும் ஊதாவும் ஏறியது, மணலுக்கு அருகே மட்டும் மஞ்சள் கலந்தது என்பதை அவர் படங்களில் வெட்டவெளிச்சமாகப் பார்க்கலாம். அதைப் படித்த கையோடு பெசன்ட் நகரில் எலியட்ஸ் கடற்கரையில் வேட்டி கட்டி நிற்பவரை மாலை நான்கு மணிக்குப் பாருங்கள், அதே நீலம் அங்கே இருக்கும்.

மூலப் படத்தை எங்கிருந்து இறக்குகிறீர்கள் என்பது முக்கியம். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017 முதல் காப்புரிமை முடிந்த படங்களைத் தடையில்லாமல் தருகிறது. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகமும் பெரிய அளவில் இறக்கிக்கொள்ள விடுகிறது. கூகுள் ஆர்ட்ஸ் அண்ட் கல்ச்சரில் தூரிகைத் தடம் தெரியும் அளவுக்குக் கிட்டே போகலாம். வாட்சாப்பில் வந்த படமும் பின்டரெஸ்ட்டில் கிடைத்த படமும் வேண்டாம். சுருங்கிய கோப்பில் ஓரங்கள் அழிந்திருக்கும், நீங்கள் அந்த அழிவையும் சேர்த்துக் கற்றுக்கொள்வீர்கள்.

ரவி வர்மா விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. 1894இல் அவர் பம்பாயில் அச்சகம் தொடங்கியபின் வெளிவந்த வண்ண அச்சுப் படங்கள்தான் இன்றும் இணையத்தில் அதிகம் சுற்றுகின்றன. அவை அச்சுக் கல்லில் இன்னொருவர் கை பட்டு வந்தவை. அவற்றில் அவருடைய தூரிகை இல்லை. எண்ணெய் ஓவியத்தின் புகைப்படமா என்று பார்த்து எடுங்கள். ஒரே ஓவியத்தின் மூன்று புகைப்படங்களைப் பக்கத்தில் வைத்தால் மூன்றும் மூன்று நிறத்தில் இருக்கும். வார்னிஷ் மஞ்சளித்தது ஒன்று, கேமரா ஏற்றியது இன்னொன்று. நடுவாக இருப்பதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஸ்டடியைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை எப்படிச் செய்வது?

தொண்ணூறு நிமிடத்துக்கு ஒரு திட்டம் சொல்கிறோம். ஒரு முகமோ, இடுப்பளவு உருவமோ இதில் அடங்கும்.

முதல் 5 நிமிடம் பேனாவைத் தொட வேண்டாம். படத்தைப் பாருங்கள். ஒரே ஒரு கேள்வி எழுதுங்கள். “கன்னத்து நிழல் எங்கே கூர்மையாக முடிகிறது, எங்கே கரைகிறது?” என்பது நல்ல கேள்வி. “எப்படி இவ்வளவு அழகாக இருக்கிறது?” என்பதற்கு வரைந்து பதில் கிடைக்காது. இந்த ஐந்து நிமிடத்தைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் நூறு ஸ்டடி செய்தும் அதே இடத்தில் நிற்பவர்கள்.

அடுத்த 10 நிமிடம் சின்னப் படம். மூலம் 3:4 விகிதம் என்றால் 300க்கு 400 பிக்சல் கேன்வாஸ். மூன்றே சாயல்: அடர், நடு, வெளிர். கண்ணைப் பாதி மூடிப் பார்த்தால் விவரங்கள் மறைந்து மூன்று திட்டுகள் தெரியும், அதை வரையுங்கள். கண், மூக்கு எதுவும் வேண்டாம். இந்தச் சின்னப் படத்தை அறையின் மறுகோடியிலிருந்து பார்த்தாலும் மூல ஓவியம் என்று அடையாளம் தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் மேலே போகாதீர்கள். அதை இன்னொரு முறை செய்வதுதான் வேகமான வழி.

பிறகு பெரிய கேன்வாஸ். 1800க்கு 2400 போதும். 6000 பிக்சலில் திறந்தால் மூக்கு நுனிக்குள் நுழைந்துகொண்டு மாலை முழுக்க அங்கேயே உட்கார்ந்திருப்பீர்கள். மூலப் படத்தைப் பக்கத்தில், திரையில் அதே அளவாக வையுங்கள். பியூர்ரெஃப் என்ற சிறிய மென்பொருள் இதற்கு வசதி. கிரிட்டாவில் ரெஃபரன்ஸ் படக் கருவி இருக்கிறது. புரோகிரியேட்டில் ‘ரெஃபரன்ஸ்’ சாளரத்தை இயக்கலாம். 15 நிமிடத்தில் வெளிக்கோடு. வளைவுகளை நேர்கோடுகளாக உடைத்துப் போடுங்கள். உச்சந்தலை, தாடை நுனி, இரண்டுக்கும் நடுப்புள்ளி முதலில். நடுப்புள்ளி கண்ணுக்கு மேலா கீழா என்று மூலத்தில் பார்த்து வையுங்கள். கண்ணின் உள்மூலையிலிருந்து நேர்கீழே ஒரு கோடு விட்டால் மூக்குத் துவாரத்தை எங்கே தொடுகிறது, உதட்டை எங்கே தொடுகிறது? பொற்கொல்லர் தராசு பார்ப்பது போலத்தான் இது.

25 நிமிடம் பெரிய திட்டுகள். பிரஷ் அளவு கேன்வாஸ் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு, ஆக 350 பிக்சல் அளவில். ஒரே லேயர் (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் கண்ணாடித் தாள் போன்றது). வெள்ளைக் கேன்வாஸ் ஓர் இடத்திலும் தெரியக் கூடாது. வெள்ளைக்குப் பக்கத்தில் வைத்த எந்த நிறமும் உள்ளதைவிட அடர்த்தியாகத் தெரியும். அதனால்தான் பின்னணியைக் கடைசிக்கு விட்டவர்களின் முகம் எப்போதும் வெளிறிப் போகிறது. இந்தக் கட்டத்தில் ஜூம் செய்ய வேண்டாம். முழுப் படமும் திரையில் தெரிய வேண்டும். ஓவர்வியூ அல்லது நேவிகேட்டர் சாளரம் இருந்தால் அதையும் திறந்து வையுங்கள்.

20 நிமிடம் பிரஷ்ஷைப் பாதியாக்கி, பின் அதிலும் பாதியாக்கி உள்வடிவங்கள். 10 நிமிடம் ஓரங்கள். கடைசி 5 நிமிடம் சோதனை: மூலத்தை உங்கள் படத்தின் மேல் லேயராக வைத்து 50 சதவீத ஒளிபுகல். எங்கே விலகியது என்று அப்பட்டமாகத் தெரியும். திருத்தாதீர்கள். மூன்று வரி எழுதிக் கோப்போடு சேமியுங்கள்: எதைத் தவறாக ஊகித்தேன், எந்தத் திசையில், எவ்வளவு. பத்து ஸ்டடிக்குப் பிறகு அந்த முப்பது வரிகளைச் சேர்த்துப் படித்தால் ஒரே தவறு ஏழெட்டு இடத்தில் இருக்கும். பலருக்கு அது “கண்ணை மேலே வைக்கிறேன்” அல்லது “நிழலைப் போதுமான அளவு அடர்த்தியாக்கவில்லை”.

இடையிடையே, பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை, படத்தை இடவலமாகத் திருப்பிப் பாருங்கள். கிரிட்டாவில் எம் விசை.

கலர் பிக்கரால் மூலத்திலிருந்து நிறத்தை உறிஞ்சி எடுக்கலாமா?

முதலில் எடுக்கக் கூடாது. கண்ணால் பார்த்து நிறச் சக்கரத்தில் ஊகித்து வையுங்கள், பிறகு பிக்கரால் மூலத்தைத் தொட்டு உங்கள் எண்களோடு ஒப்பிடுங்கள். அந்த வித்தியாசம்தான் நீங்கள் வந்த வேலை. ஒரு படத்துக்குப் பத்து இடம் போதும்.

பிக்கரைத் தொட்டதும் அதிர்ச்சி வரும். நீலம் என்று சத்தியம் செய்திருப்பீர்கள், எண்ணில் அது வெறும் சாம்பலாக இருக்கும். சுற்றியிருக்கும் ஆரஞ்சும் பழுப்பும் அந்தச் சாம்பலை நீலமாகக் காட்டுகின்றன. சுவீடன் ஓவியர் ஆண்டர்ஸ் சோர்னின் பெயரால் அழைக்கப்படும் வண்ணத்தட்டு இதை வைத்துத்தான் ஓடுகிறது: வெள்ளை, கருப்பு, மஞ்சள் காவி, செந்தூரம், நான்கே நிறம். அதில் கருப்பும் வெள்ளையும் கலந்த சாம்பல்தான் நீலத்தின் இடத்தில் நிற்கிறது. நான்கு திட்டுகளைக் கேன்வாஸ் ஓரத்தில் வைத்து, 50 சதவீத ஒப்பாசிட்டியில் (அடியிலுள்ள நிறம் பாதி தெரியும்படி) ஒன்றன்மேல் ஒன்று போட்டுக் கலந்து, அந்தக் கலவையிலிருந்து மட்டும் எடுத்து ஒரு முகம் முழுக்க வரைந்து பாருங்கள். நிறத்தைப் பற்றி இவ்வளவு விரைவாகக் கற்றுத்தரும் பயிற்சி வேறொன்று சொல்வது கடினம்.

பிக்கரின் இன்னொரு ஆபத்து: பெரிய கோப்பில் ஒரு பிக்சலைத் தொட்டால் கேன்வாஸ் துணியின் இழையோ வார்னிஷ் மினுக்கமோ சிக்கும். 5க்கு 5 பிக்சல் சராசரி எடுக்கும்படி கருவியை அமைத்துக்கொள்ளுங்கள்.

ட்ரேஸ் செய்யலாமா, அதாவது மூலத்தின் மேலேயே கோடு போட்டு எடுக்கலாமா?

அன்றைய கேள்வி நிறம் பற்றியதென்றால் வெளிக்கோட்டை ட்ரேஸ் செய்து நேரத்தை மிச்சம் பிடிக்கலாம். உருவ அளவு பற்றியதென்றால் கூடாது. ட்ரேஸ் செய்தால் “ட்ரேஸ்” என்று கோப்புப் பெயரிலேயே எழுதிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து உங்களையே ஏமாற்றிக்கொள்ளாமல் இருக்க.

கருப்பு வெள்ளையில் ஏன் பழகச் சொல்கிறார்கள்? நிறம்தானே கடினம்?

வெளிர்-அடர் சரியாக இருந்தால் நிறம் தப்பினாலும் படம் நிற்கும். மறுபக்கம் நடக்காது.

டிஜிட்டலில் இதில் ஒரு பொறி இருக்கிறது. நிறத் தெரிவுச் சாளரத்தில் ‘பிரைட்னஸ்’ என்று காட்டும் எண் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் அல்ல. தூய மஞ்சளும் தூய நீலமும் அங்கே இரண்டுமே 100. கண்ணின் அளவையை ஒட்டிய லேப் முறையில் பார்த்தால் மஞ்சள் 97, நீலம் 32. அந்தச் சாளரத்து எண்ணை நம்பி மஞ்சள் புடவைக்கும் நீலப் பின்னணிக்கும் “ஒரே வெளிச்சம்” கொடுத்தால் படம் கிழிந்து நிற்கும்.

சோதிக்க: எல்லா லேயருக்கும் மேலே ஒரு லேயர், முழுக்கக் கருப்பு, கலப்பு முறை ‘கலர்’. அதைக் காட்டி மறைத்தால் படம் கருப்பு வெள்ளையிலும் நிறத்திலும் மாறி மாறித் தெரியும். மூலத்துக்கும் இதே லேயரைப் போட்டு இரண்டையும் அருகருகே பாருங்கள். சேச்சுரேஷன் (நிறச் செறிவு) குறைக்கும் கட்டளையால் செய்தால் மேலே சொன்ன அதே பிழை திரும்ப வரும். மஞ்சளும் நீலமும் ஒரே சாம்பலாகிவிடும்.

நம் ஊர் மனிதர்களை வரைந்தால் தோல் சாம்பல் பூத்ததுபோல் ஆகிறதே, ஏன்?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும். ஏனென்றால் பெரும்பாலான பாடங்கள் வெளிர்தோலை வைத்து எழுதப்பட்டவை. அவற்றைப் பார்த்துப் பழகிய கை, மாநிறத்துக்கும் கருநிறத்துக்கும் வரும்போது இரண்டு தவறு செய்கிறது: வெளிச்சப் பக்கத்துக்கு வெள்ளையைச் சேர்க்கிறது, நிழலுக்குக் கருப்பைச் சேர்க்கிறது. இரண்டுமே சேச்சுரேஷனைக் கொல்கின்றன. மிஞ்சுவது விபூதி பூசிய தோல்.

தொடங்குவதற்குச் சில எண்கள், ஹியூ (நிறச் சக்கரத்தில் இடம்), சேச்சுரேஷன், பிரைட்னஸ் வரிசையில். மாநிறத் தோலின் நடுச்சாயல் 20, 60, 55 என்று வையுங்கள். நிழல் 12, 70, 28. அதாவது நிழலுக்குப் போகும்போது சிவப்பு நோக்கி நகர்கிறது, சேச்சுரேஷன் ஏறுகிறது. வெளிச்சம் 26, 48, 78. மஞ்சள் நோக்கி நகர்கிறது. கருநிறத் தோலில் இந்த மூன்றும் கீழே இறங்கும். ஆனால் ஒரு பெரிய வேறுபாடு: மினுக்கம். அடர்ந்த தோலில் வானத்தின் பிரதிபலிப்பு நன்றாகத் தெரியும், ஏனென்றால் அதை எதிர்த்துப் போட்டியிட அடியில் வெளிர்நிறம் இல்லை. நெற்றி, மூக்குத் தண்டு, தோள்பட்டை ஆகிய இடங்களில் அந்த மினுக்கம் சேச்சுரேஷன் குறைந்து, லேசாக நீலம் ஏறி, கூர்மையான சிறு திட்டாக இருக்கும். அதைப் பரப்பித் தேய்த்தால்தான் சாம்பல் ஆகிறது. சின்னதாக, தெளிவாக, மிகச் சில இடத்தில்.

இவை தொடக்க எண்கள் மட்டுமே. குழல்விளக்கின் கீழ் வேறு, கோயில் விளக்கின் கீழ் வேறு. யாரைப் பார்த்துக் கற்பது என்றால் ரவி வர்மாவின் மாநிறப் பெண்கள், பிறகு நம் கிராமத்துப் பெண்களை வரைந்த, 2021இல் மறைந்த ஓவியர் இளையராஜா.

சென்னை வெயிலின் இயல்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகலில் சூரியன் இங்கே நேர் உச்சிக்கு வருகிறது. அப்போது கண்குழி முழுக்க நிழல், மூக்கின் நிழல் உதட்டின் மேல், தாடைக்கு அடியில் சிமென்ட் தரையிலிருந்து எழும்பும் இதமான ஒளி. வடக்கு ஜன்னல் ஒளியில் வரைந்த ஐரோப்பிய முகங்களில் இந்த அமைப்பைத் தேடிக் கிடைக்காது. மொட்டைமாடியில் ஒருவரை நிற்கவைத்துப் புகைப்படம் எடுத்து, அதைத்தான் பார்த்து வரைய வேண்டும்.

என் படங்கள் பிளாஸ்டிக் பொம்மைபோல் வழவழவென்று இருக்கின்றன.

மென்மையான ஏர்பிரஷ்ஷும், நிறங்களைத் தேய்த்துக் கலக்கும் ஸ்மட்ஜ் கருவியும்தான் காரணம். எல்லா ஓரமும் ஒரே அளவு மங்கலாகிவிட்டது. ஓரங்களை நான்காகப் பிரித்துப் பாருங்கள்: கூர்மை, சற்றே மென்மை, நன்கு மென்மை, காணாமல் போனது. நல்ல உருவப்படம் ஒன்றில் கூர்மை ஓரம் விரல்விட்டு எண்ணும் அளவுதான் இருக்கும், கண்ணிமைக்கு அருகே, மூக்கு மினுக்கத்தில், காலரின் ஒரு மூலையில். கருங்கூந்தல் இருண்ட பின்னணியில் கலக்கும் இடத்தில் ஓரமே இருக்காது.

இதற்கென்று தனிப் பயிற்சி: மூலப் படத்தின் மேல் புதிய லேயர் வைத்து, ஓரங்களை மட்டும் நான்கு நிறத்தில் குறியுங்கள். சிவப்பு கூர்மை, மஞ்சள் சற்றே மென்மை, பச்சை நன்கு மென்மை, நீலம் காணாமல் போனது. இருபது நிமிடத்தில் முடியும். பிறகு ஏர்பிரஷ், ஸ்மட்ஜ் இரண்டையும் ஒரு மாதம் தொடாமல், இரண்டு நிறத்துக்கு நடுவே மூன்றாவது நிறம் வைத்து மென்மையைக் கொண்டுவாருங்கள்.

அந்த ஓவியர் பயன்படுத்தும் பிரஷ் எனக்கும் வேண்டுமா?

வேண்டாம். கடினமான வட்ட பிரஷ் ஒன்று, அழுத்தத்துக்கு ஒப்பாசிட்டி மாறும் பிரஷ் ஒன்று. முதல் முப்பது ஸ்டடிக்கு இவை போதும். பிரஷ் தொகுப்புகளை இறக்கிக் குவிப்பது மதிய நேரத்தைத் தின்னும்.

காப்பி அச்சு அசலாக வருகிறது. சொந்தமாக வரைய உட்கார்ந்தால் ஒன்றும் வரவில்லை. என்ன செய்வது?

இதுதான் எல்லோரையும் நோகடிக்கும் கேள்வி. காரணம் எளிது: ஸ்டடியை முடித்த இடத்திலேயே நிறுத்திவிடுகிறீர்கள். மூலம் கண்முன் இருக்கும்வரை முடிவெடுத்தவர் அந்த ஓவியர். படத்தை மூடிய பிறகுதான் உங்கள் முறை.

ஒவ்வொரு ஸ்டடிக்கும் பின்னால் மூன்று படி இருக்கட்டும். முதலாவது, நினைவிலிருந்து. மூலத்தையும் ஸ்டடியையும் மூடிவிட்டு மறுநாள் 20 நிமிடத்தில் அதையே சின்னதாக வரையுங்கள். எது நினைவில் இல்லையோ அதை நீங்கள் கவனிக்கவே இல்லை, கை மட்டும் ஓடியிருக்கிறது. இரண்டாவது, வான் கோ செய்ததுபோல: ஒரு கருப்பு வெள்ளைப் புகைப்படம் எடுத்து, நீங்கள் படித்த ஓவியரின் நிற ஒழுங்கை அதில் வையுங்கள். வீட்டு ஆல்பத்தில் இருக்கும் பாட்டியின் பழைய ஸ்டுடியோப் படம் இதற்கு அருமையானது. மூன்றாவது, அதே கேள்விக்கான விடையை முற்றிலும் வேறு பொருளில். சொரோயாவிடம் நிழலின் நீலத்தைக் கற்றீர்கள் என்றால் காசிமேட்டில் காலை ஏழு மணிக்கு வெள்ளைத் தெர்மாக்கோல் பெட்டிகள் அடுக்கிய வண்டி. ரெம்பிராண்டிடம் நிழலைத் திரட்டக் கற்றீர்கள் என்றால் இரவு டீக்கடையில் ஒற்றை பல்பின் கீழ் மாஸ்டரின் முகம்.

ஒரு ஸ்டடிக்கு ஒரு சொந்தப் படம் என்ற கணக்கை விடாதீர்கள். ஸ்டடி நன்றாக வந்து சொந்தப் படம் சுமாராக வருவது வழக்கமானதே. அந்தச் சுமார் படத்தில்தான் அடுத்த ஸ்டடிக்கான கேள்வி இருக்கிறது.

வரைவதைப் பதிவு செய்யும் வசதி புரோகிரியேட்டிலும் கிரிட்டாவிலும் இருக்கிறது. பதிவை ஓட்டிப் பாருங்கள். எந்த நிமிடத்தில் ஜூம் செய்தீர்கள், எங்கே ஒரே இடத்தைத் தடவிக்கொண்டிருந்தீர்கள் என்பது ஆசிரியர் இல்லாமலே புரியும்.

தினமும் எவ்வளவு நேரம்?

வேலைக்குப் போகிறவர் என்றால் வாரநாளில் 30 நிமிடம்: மூன்று சின்ன மூன்று-சாயல் படங்கள், அல்லது ஓர் ஓர வரைபடம். ஞாயிற்றுக்கிழமை 90 நிமிடம் முழு ஸ்டடி, மாலையில் சொந்தப் படம். ஒரே ஓவியரோடு நான்கு வாரம் தங்குங்கள். மின்சார ரயிலில் போகும் நேரத்தைக் கையில் பேனா இல்லாமல் பார்ப்பதற்கு வைத்துக்கொள்ளலாம். எதிரே இருப்பவர் முகத்தில் நிழல் எங்கே முடிகிறது என்று.

சென்னையில் நேரில் பார்க்க என்ன இருக்கிறது?

திரையில் மட்டும் ஓவியம் பார்த்தவர்கள் ஒரு முறையாவது எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். அங்குள்ள சேகரிப்பில் ரவி வர்மாவின் எண்ணெய் ஓவியங்கள் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை விடுமுறை. எந்தக் கூடம் திறந்திருக்கிறது என்று கேட்டுக்கொண்டு போங்கள். படத்துக்கு முன் மூன்று மீட்டரிலிருந்து தொடங்கி அரை மீட்டர்வரை மெல்ல நெருங்குங்கள். தூரத்தில் சரிகையாக இருந்தது கிட்டே வந்ததும் வெறும் மஞ்சள் தீற்றலாக உடையும். எந்தத் தூரத்தில் உடைகிறது என்று பாருங்கள். டிஜிட்டலில் எவ்வளவு விவரம் போட வேண்டும் என்பதற்கு விடை அங்கே இருக்கிறது.

அதே வளாகத்தில் சோழர் காலச் செப்புத் திருமேனிகள். ஒளி மேலிருந்து விழும் உலோகத்தில் மினுக்கம் எங்கே உட்காருகிறது என்பதைப் பென்சிலில் குறித்துக்கொண்டு வந்து வீட்டில் டேப்லெட்டில் வரையலாம். உருவத்தை முப்பரிமாணமாக யோசிக்க இதைவிட நல்ல ஆசிரியர் இல்லை.

ஈஞ்சம்பாக்கத்தில் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று 1966இல் உருவாக்கிய சோழமண்டல ஓவியர் கிராமம் இருக்கிறது. அங்குள்ள காட்சிக்கூடத்தில் மதராஸ் இயக்கம் என்ற நவீன ஓவிய இயக்கத்தின் படங்களைப் பார்த்துவிட்டு வந்தால், பார்த்து வரைவது என்றால் யதார்த்த முகம் மட்டுமே என்ற எண்ணம் போய்விடும். ஒரு கோடு எவ்வளவு சுமக்கும் என்று தெரியும். கோட்டுக்கென்றே படிக்க வேண்டுமென்றால் ஆனந்த விகடனில் கோயில் சிற்பங்களை வரைந்த சில்பி, நகைச்சுவைக் கோட்டுக்குக் கோபுலு. இவர்களைப் பார்த்து வரையும்போது பிரஷ்ஷின் கோடு சீராக்கும் அமைப்பை நிறுத்திவிடுங்கள். கை நடுங்கும் இடம் எது என்று தெரிந்தாக வேண்டும்.

ஸ்டடிகளை வெளியிடலாமா? சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் 1957ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டப்படி ஓவியர் மறைந்த அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். 1906இல் மறைந்த ரவி வர்மா, 1941இல் மறைந்த அம்ரிதா ஷெர்கில் ஆகியோரின் ஓவியங்கள் இந்தக் கணக்கில் பொதுவுடைமை ஆகிவிட்டன. ஓவியர் இளையராஜாவின் படங்களுக்கு 2081 முடியும்வரை உரிமை உண்டு. சொந்தப் பயிற்சிக்காக வீட்டில் வரைவதற்கு அதே சட்டத்தின் 52ஆம் பிரிவு நியாயமான பயன்பாடு என்று இடம் கொடுக்கிறது. அச்சிட்டு விற்பது, டி-சர்ட்டில் போடுவது, ஆர்டர் எடுத்துக் காசுக்கு வரைந்து கொடுப்பது வேறு. உரிமையாளரின் அனுமதி வேண்டும்.

இணையத்தில் போடுவதென்றால் முதல் வரியிலேயே “இன்னாருடைய இந்த ஓவியத்தைப் பார்த்துச் செய்த பயிற்சி” என்று எழுதுங்கள். படத்தின் மூலையில் உங்கள் கையெழுத்து மட்டும் இருப்பது தவறு, உரிமை முடிந்த ஓவியமாக இருந்தாலும். உயிரோடு இருக்கும் ஓவியர் என்றால் முதலில் அவரிடம் கேளுங்கள். மறுத்தால் உங்கள் கணினியிலேயே இருக்கட்டும், கற்றது எங்கும் போகாது.

செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய படங்களைப் பார்த்துப் பழகலாமா?

வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. ஒரு ஓவியர் ஓர் ஓரத்தை மறைத்தால் அதற்குக் காரணம் இருக்கும், தேடினால் கிடைக்கும். இந்தப் படங்களில் இரண்டு பக்கமும் ஒளி விழும், காதணி ஒரு பக்கம் தோலில் கரையும், நிழல் எந்தப் பொருளுக்கும் சொந்தமில்லாமல் கிடக்கும். தொடக்கத்தில் இருப்பவரால் எது முடிவு, எது விபத்து என்று பிரிக்க முடியாது.

அனிமேஷன், கேம் ஸ்டுடியோ வேலைக்கான போர்ட்ஃபோலியோவில் ஸ்டடிகளைச் சேர்க்கலாமா?

ஒரே ஒரு பக்கம், கடைசியில், தெளிவான தலைப்போடு. மூலத்தையும் அருகில் சிறிதாக வைத்து, எந்தக் கேள்விக்காகச் செய்தது என்று ஒரு வரி. நான்கு படத்துக்கு மேல் வேண்டாம். அதற்கு எதிர்ப்பக்கத்தில், அதே பாடத்தைக் கொண்டு நீங்களாக வரைந்த படத்தை வையுங்கள். காசிமேட்டு வண்டியோ டீக்கடை முகமோ.